ஒரே அறையில் ஐந்து பேர்: ஆட்டிசம் உள்ள குழந்தையைத் தூங்கப் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றி எங்கே படித்தாலும் "குழந்தையின் அறை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அறையை இருட்டாக்குங்கள், குழந்தையைப் படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள் என்கிறார்கள். மும்பையில் தாராவி, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கம் நம் ஆட்களின் பல வீடுகளில் இருப்பதே ஓர் அறைதான். சமையல் அதில், டி.வி. அதில், பாட்டியின் படுக்கை அதில். அப்பா வேலை முடிந்து ராத்திரி 11 மணிக்கு வந்து சாப்பிடுவதும் அதிலேயே. வெளியே வருவதென்றால் சந்துக்குத்தான் வர வேண்டும். அந்த வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது. தனி அறை உள்ளவர்களுக்கும் பொருந்தும், அவர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 50 முதல் 80 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தூக்கச் சிக்கல் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனவே "நீ வளர்க்கிற லட்சணம்" என்று யாராவது ஆரம்பித்தால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சில குழந்தைகளுக்கு உடலில் மெலடோனின் (தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோன்) சுரக்கும் நேரமும் அளவும் மாறியிருக்கின்றன. சிலருக்கு மின்விசிறியின் கிறீச் சத்தமோ பனியன் லேபிளோ போதும், தூக்கம் போய்விடும். இன்னும் சிலருக்கு, எல்லோரும் பாய் விரிக்கிறார்கள், விளக்கை அணைக்கிறார்கள், ஆகவே இது தூங்கும் நேரம் என்று மற்ற குழந்தைகள் தானாகப் புரிந்துகொள்வது புரிவதில்லை. அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அமெரிக்க நரம்பியல் அகாடமி 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உடல்நலக் காரணம் ஏதாவது உண்டா என்று பார்ப்பது, அடுத்து பழக்கங்களை மாற்றுவது, அதுவும் போதாவிட்டால்தான் மெலடோனின். நாமும் அதே வரிசையில் போவோம்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12. பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10. "ஏழு வயசுப் பையன் எட்டரைக்கே தூங்கணும்" என்று எந்தச் சட்டமும் இல்லை. தூங்கும் மொத்த நேரமும், அது தினமும் ஒரே நேரத்தில் நடப்பதும்தான் கணக்கு.

படி 1: உடம்பைப் பாருங்கள்

வலியில் இருக்கும் குழந்தையை எந்த அட்டவணையும் தூங்க வைக்காது. பேச்சு வராத குழந்தைக்குப் பல்வலி என்று சொல்லத் தெரியாது, அழும், அல்லது தலையில் அடித்துக்கொள்ளும். டாக்டரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியவை: மலச்சிக்கல், நெஞ்சுக்கு ஏறும் அமிலம், தோல் அரிப்பு, பூச்சி, காது வலி, பல். குறட்டையோடு வாய் திறந்து மூச்சு விட்டால், அல்லது நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால், டான்சிலும் அடினாய்டும் பார்க்க வேண்டும். படுத்ததும் காலை உதறிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின், அதாவது உடலில் இருக்கும் இரும்புச் சேமிப்பு, குறைந்திருக்க வாய்ப்புண்டு, அதனால் அந்தச் சோதனையைத் தனியாகக் கேளுங்கள்.

வலிப்பு இருக்கும் குழந்தை என்றால் இன்னொன்று முக்கியம். தூக்கம் குறைந்தால் வலிப்பு வரக்கூடும். ஆகவே படி 6இல் சொல்லியிருப்பதை (படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவதை) டாக்டரைக் கேட்காமல் செய்யவே வேண்டாம்.

ராத்திரி நடப்பதை மொபைலில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டமான ஓ.பி.டி.யில் (புறநோயாளிகள் பிரிவில்) பத்து நிமிடம் விவரிப்பதைவிட அந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லும். ஏற்கெனவே மாத்திரை ஏதும் சாப்பிடுகிறது என்றால் அதையும் காட்டுங்கள். துறுதுறுப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் தூக்கத்தைத் தள்ளிப்போடும், கொடுக்கும் நேரத்தை மாற்றினாலே பலன் தெரியலாம்.

படி 2: இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் நான்கு விஷயம்: படுக்க வைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், நடுவில் விழித்த நேரம், காலையில் எழுந்த நேரம். பகலில் தூங்கியிருந்தால் அதையும் ஓரமாக எழுதுங்கள். முக்கியமாக, தூங்கிய அந்த நிமிடத்தில் பக்கத்தில் யார், என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை: "அம்மா தட்டி", "மொபைல்", "பாட்டி மடி".

இந்த ஒரு வார்த்தைதான் பின்னால் எல்லாவற்றையும் திறக்கப் போகிறது. சலிப்பாக இருந்தாலும் விடாதீர்கள். "இவன் தூங்குறதே இல்ல" என்று வரும் அம்மாக்கள் எழுதிப் பார்த்த பிறகு, பள்ளி வேனில் 40 நிமிடம், மாலையில் சோபாவில் ஒரு மணி நேரம் என்று பகல் தூக்கம் தனியாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பது சாதாரணம்.

படி 3: ராத்திரியை விட்டுவிட்டுக் காலையில் ஆரம்பியுங்கள்

படுக்கும் நேரத்தை நாம் கட்டாயப்படுத்த முடியாது, எழுப்பும் நேரத்தை முடியும். ஒரு நேரத்தை முடிவு செய்து தினமும் அதே நேரத்துக்கு எழுப்புங்கள். ராத்திரி 2 மணிக்குத்தான் தூங்கினான் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை என்றாலும். பாவம் என்று பத்து மணி வரை விட்டால் அன்றைய ராத்திரியும் போயிற்று. மும்பைப் பள்ளிகளில் பலவற்றில் காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் என்று இருப்பதால், மதிய ஷிஃப்ட் பிள்ளைகள் காலையில் நீட்டித் தூங்குவது ரொம்பச் சகஜம். அங்கேயும் இதே விதிதான்.

எழுந்ததும் வெளிச்சம் வேண்டும். சந்து இருட்டாக இருந்தால் மொட்டை மாடிக்கோ ரோட்டுக்கோ கூட்டிக்கொண்டு போய்ப் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். மாலையில் ஓடியாட வைப்பதும் உதவும், ஆனால் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அது முடிந்துவிட வேண்டும்.

டீ, காபி இரண்டும் குழந்தைக்கு வேண்டாம். "கொஞ்சம் பால் மாதிரிதான்" என்று கொடுக்கும் மாலை டீயும் டீதான்.

படி 4: வெளிச்சம், சத்தம், உடுப்பு

டியூப்லைட் எரிகிற அறையில் தூக்கம் வராது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை அணைத்துவிட்டு ஜீரோ வாட் பல்புக்கு மாறுங்கள், நீலம் வேண்டாம், சிவப்போ மஞ்சளோ நல்லது. தெருவிளக்கு நேராக விழும் ஜன்னலுக்குக் கெட்டியான துணி. ஓர் அறையில் எல்லோருக்கும் இருட்டாக்க முடியாது என்றால் பிள்ளை படுக்கும் மூலைக்கு மட்டும் பழைய புடவையால் ஒரு திரை கட்டலாம். சில குழந்தைகளுக்கு அந்தச் சின்ன இடமே பிடித்துப்போகும்.

பக்கத்து வீட்டு சீரியலை நாம் நிறுத்த முடியாது. ஆனால் மின்விசிறியின் ஒரே மாதிரியான இரைச்சல் திடீர்ச் சத்தங்களை மூடிவிடும். கணபதி பத்து நாளும் இதெல்லாம் போதாது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் எல்லை என்றாலும் சில நாட்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்துகிறார்கள். அந்த நாட்களில் பயிற்சியில் புதிய படி எதையும் ஆரம்பிக்காதீர்கள், இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

உடுப்பில் லேபிளை வெட்டிவிடுங்கள். எலாஸ்டிக் இறுகாத பழைய பருத்தி பைஜாமா நல்லது. புது பெட்ஷீட்டை ஒருமுறை துவைத்துவிட்டு விரியுங்கள். சொரசொரப்பாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் அதை உதைத்துத் தள்ளும் குழந்தைகள் உண்டு.

படி 5: படத்தில் ஒரு வரிசை

20 முதல் 30 நிமிடத்துக்குள் முடிகிற வரிசை ஒன்றைத் தயார் செய்யுங்கள். தினமும் அதே வேலைகள், அதே வரிசை. வாயால் சொல்வதைவிட படத்தில் காட்டுவது இந்தக் குழந்தைகளுக்கு நன்றாகப் பதியும்.

செய்வது சுலபம். ஓர் அட்டையை நீளமாக வெட்டி வெல்க்ரோ ஒட்டுங்கள். உங்கள் வீட்டிலேயே எடுத்த போட்டோக்கள்: அவனுடைய பிரஷ், அவன் மக், அவன் பாய். எங்கிருந்தோ எடுத்த கார்ட்டூன் குளியலறைப் படத்தைக் காட்டினால் பல குழந்தைகளுக்கு அது தன் வீடு என்று தோன்றுவதே இல்லை. அட்டையின் அடியில் ஒரு உறை. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அவனே அந்தப் படத்தைப் பிய்த்து உறையில் போட வேண்டும். பிய்க்கும்போது வரும் அந்தச் "சர்ர்" சத்தத்துக்காகவே ஆசையாக ஓடிவரும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

பிடிக்காத வேலை முதலில். பல் தேய்ப்பதில் தினமும் போராட்டம் என்றால் அதைத் தூங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு வைக்காதீர்கள். கழிப்பறை வெளியே பொதுவாக இருந்தால், அங்கே போய்வரும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தூக்கத்தைக் கலைத்துவிடும், அதையும் ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள். கடைசி இரண்டும் அமைதியானவை: முதுகில் எண்ணெய் தடவிவிடுவது, ஒரு பாட்டு. அமுக்கினால் அமைதியாகும் குழந்தையும் உண்டு, தொட்டாலே சிலிர்க்கும் குழந்தையும் உண்டு. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மொபைலை இந்த வரிசைக்கு முன்பே நிறுத்த வேண்டும். சட்டென்று பிடுங்கினால் ரணகளம்தான். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது அவனுக்குப் புரியாது, கண்ணால் பார்க்கும் டைமர் புரியும். டைமர் அடித்ததும் மொபைலை எல்லோருமே வைத்துவிட வேண்டும், மாமா உட்பட.

படி 6: படுக்கும் நேரத்தைப் பின்னால் தள்ளி, அப்புறம் முன்னால் இழுப்பது

கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் படுத்து இரண்டு மணி நேரம் புரளும் குழந்தைகளுக்கு எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி இதுதான். காரணம் இது: 9 மணிக்குப் படுக்க வைத்து 11 மணி வரை குதித்தும் அழுதும் கழியும்போது, பாய் என்பது விழித்திருக்கும் இடம் என்று பழகிப்போகிறது. அந்தப் பழக்கத்தை உடைக்க, பாயில் படுத்தால் உடனே தூங்குகிற நிலையை உண்டாக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 வயதுப் பையன். காலண்டர்படி சராசரியாகத் தூங்குவது 11:15. அதோடு அரை மணி கூட்டுங்கள், 11:45. முதல் ராத்திரி படுக்கும் நேரம் அதுதான். அதற்கு முன் அவன் பாயில் படுக்கக் கூடாது, உட்கார்ந்தபடி கண் சொருகவும் விடக் கூடாது. மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது அமைதியான விளையாட்டு, பருப்புப் பொறுக்குவது, பிளாக் அடுக்குவது. டி.வி.யும் மொபைலும் இல்லை. காலை 7 மணிக்கு எழுப்பியே ஆக வேண்டும்.

படுத்த 15 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டானா? தொடர்ந்து இரண்டு ராத்திரி அப்படி நடந்தால் மூன்றாம் நாள் 11:30. மறுபடி இரண்டு ராத்திரி சரியாகப் போனால் 11:15. தூங்கவில்லை என்றால் அடுத்த ராத்திரி 15 நிமிடம் பின்னால் போங்கள். இலக்கு 9:45 என்று வைத்தால் மொத்தம் எட்டுத் தாவல், தடங்கலே இல்லாவிட்டால் 16 ராத்திரி. நடைமுறையில் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9:45க்குத் தூங்கி 7க்கு எழுந்தால் ஒன்பதே கால் மணி நேரம், அந்த வயதுக்கு அது போதும்.

முதல் சில நாள் பகலில் சிடுசிடுப்பாக இருப்பான். பள்ளியிலும் வேன்காரரிடமும் முன்பே சொல்லி, வழியில் தூங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இங்கே அப்பாவின் விஷயம் வரும். ஆரம்பத்தில் அவர் 11 மணிக்கு வருவது தொந்தரவில்லை, பையன் விழித்துத்தான் இருப்பான். நேரம் முன்னால் வர வர, அப்பா கதவைத் தட்டும் சத்தமே எதிரியாகிவிடும். பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளை அப்பாவைக் கண்டதும் துள்ளி எழுவான், அவருக்கும் அந்த ஒரு நேரம்தான் அவனோடு கிடைப்பது. வீட்டில் கேட்பதற்கே கஷ்டமான விஷயம் இதுதான். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்: கதவைத் தட்டாமல் சாவியால் திறந்து வருவது, சாப்பாட்டை முன்பே தட்டில் மூடி வைப்பது, டியூப்லைட் போடாமல் சாப்பிடுவது, கொஞ்சலை மறுநாள் காலைக்கு மாற்றுவது. காலையில் 20 நிமிடம் அப்பாவோடு வெளியே நடப்பது என்று வைத்தால் படி 3க்கும் அது உதவும்.

படி 7: தானாகத் தூங்கப் பழகுவது

எல்லோருமே ராத்திரியில் சில முறை அரைகுறையாக விழிக்கிறோம். சுற்றி எல்லாம் படுத்தபோது இருந்த மாதிரியே இருந்தால் மறுபடி தூங்கிவிடுகிறோம், காலையில் அது நினைவில்கூட இருப்பதில்லை. அம்மா தட்டிக்கொண்டே, மொபைலில் பாட்டு ஓட ஓடத் தூங்கிய குழந்தை 2 மணிக்கு விழிக்கும்போது தட்டும் கையும் இல்லை, பாட்டும் இல்லை. அதைத் தேடித்தான் அழுகிறது. படி 2இல் எழுதிய அந்த ஒரு வார்த்தையை இப்போது எடுத்துப் பாருங்கள். மெதுவாக விலக்க வேண்டியது அதைத்தான்.

சேர்ந்து படுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. பாட்டி பக்கத்தில் படுத்து ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கும் பிள்ளையைப் பிரித்துப் படுக்க வைப்பது வீண் வேலை. பிரச்சினை, பாட்டி எழுந்து போனால் அவனும் எழுந்துவிடுகிறான் என்றால்தான்.

தனி அறை இருந்தால் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்கு நகர்த்தச் சொல்வார்கள். ஓர் அறையில் நகர இடமில்லை. ஆகவே தூரத்தைக் கூட்டுவதற்குப் பதில் உங்கள் ஈடுபாட்டைக் குறையுங்கள். முதலில் தட்டுவதை நிறுத்தி கையை மட்டும் முதுகில் வையுங்கள். மூன்று நான்கு ராத்திரி கழித்துக் கை அவன் பாயின் ஓரத்தில். அடுத்து பக்கத்தில் படுங்கள், தொடாமல். அப்புறம் அவனுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு. கடைசியில் நீங்கள் அறையின் மறுபக்கம் மெதுவாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் அவன் தூங்கிவிடுவான். ஒரு படியில் தடுமாறினால் ஒரு படி பின்னால் போங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

அழவிட்டுவிடுவது என்ற முறைக்கும் ஆய்வுகளில் பலன் உண்டு. ஆனால் தலையை மோதிக்கொள்ளும், அழுது வாந்தி எடுக்கும் குழந்தைக்கு அது ஆகாது. மெல்லிய சுவருக்கு இருபுறமும் வீடுகள் இருக்கும் இடத்தில் நடக்கவும் நடக்காது. படிப்படியாகச் செய்தாலும் கொஞ்சம் அழுகை வரும், முதல் சில ராத்திரி முன்பைவிட அதிகமாகவே வரும். நான்காம் ராத்திரி முக்கால் மணி நேர அழுகைக்குப் பிறகு மொபைலைக் கொடுத்தால், முக்கால் மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்வான். அதனால் முடியாது என்று தோன்றும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். பக்கத்து வீடுகளில் இரண்டு நாள் முன்பே "ராத்திரி சத்தம் வரும்க்கா, பழக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிவைத்தால் கதவைத் தட்ட மாட்டார்கள்.

பாட்டியால் அழுகையைத் தாங்க முடியாது. அவரோடு வாதாடுவதைவிட அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள், படி 5இன் பட வரிசை அவர் பொறுப்பு. அதை நடத்துகிறவர் அதைக் கெடுக்கமாட்டார்.

பேசிப் புரியும் குழந்தை திரும்பத் திரும்ப எழுந்து வந்தால், ஓர் அட்டையைக் கையில் கொடுங்கள். ராத்திரியில் ஒரே ஒரு முறை அதைக் கொடுத்துத் தண்ணீரோ ஒரு கட்டிப்பிடிப்போ வாங்கிக்கொள்ளலாம், அட்டை போனால் அவ்வளவுதான். பயன்படுத்தாமல் வைத்திருந்தால் காலையில் சின்னதாக ஒரு பரிசு. பரிசு எழுந்தவுடன் கிடைக்க வேண்டும், மாலையில் கொடுத்தால் எதற்கு என்றே தெரியாது.

படி 8: நடுராத்திரியும் விடியற்காலையும்

விழித்து வந்தால் தினமும் ஒரே வாக்கியம், "தூங்குற நேரம், படுத்துக்கோ." விளக்கு இல்லை, பால் இல்லை, மொபைல் இல்லை, திட்டும் இல்லை. கையைப் பிடித்துப் பாய்க்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு நீங்களும் படுங்கள். படுத்தபடி தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் பிள்ளை என்றால் உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், கதவில் ஒரு சலங்கையும் அவசியம். மேல் மாடத்துக்கு இரும்பு ஏணி இருந்தால் ராத்திரி அதை எடுத்துவிடுங்கள் அல்லது அடைத்துவிடுங்கள். ஜன்னல் கிரில்லையும் பாருங்கள்.

விடியற்காலை விழிப்புக்கு நம் பகுதியில் ஒரு தனிக் காரணம் உண்டு: தண்ணீர். குழாயில் 5 மணிக்குத் தண்ணீர் வருகிற இடத்தில் மோட்டார் சத்தம், டிரம் சத்தம், டியூப்லைட் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். குழாய் வெளியே இருந்தால் உள்ளே விளக்குப் போடாமல் சமாளியுங்கள். முந்தைய ராத்திரியே குடங்களை வாசலில் எடுத்துவையுங்கள். பிள்ளை விழித்துக்கொண்டாலும் உடனே பிஸ்கட்டும் டி.வி.யும் கொடுத்தால், 5 மணிக்கு எழுவது லாபம் என்றாகிவிடும். பிளக்கில் மாட்டும் டைமர் ஒன்று வாங்கி, எழும் நேரத்துக்கு ஒரு சின்ன விளக்கு தானாக எரியும்படி வையுங்கள். விளக்கு எரிந்தால் எழலாம், எரியாவிட்டால் பாயிலேயே இருக்க வேண்டும். இதைப் பகலில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ராத்திரி ஆரம்பிக்க வேண்டும்.

ஊருக்குப் போனால்

திருநெல்வேலி, நாகர்கோவில் ரயிலில் ஒரு முழு நாளுக்கு மேல் போக வேண்டும், அங்கே கோயில் கொடை, கல்யாணம் என்று எல்லாம் கலைந்துவிடும். பாய் விரிப்பையும் பட அட்டையையும் கூடவே கொண்டுபோங்கள், எழுப்பும் நேரத்தை மட்டும் விடாதீர்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து இரண்டு படி பின்னால் போய்த் தொடருங்கள். காய்ச்சலுக்குப் பிறகும் இதேதான்.

மருந்துகள், போர்வைகள்

தூங்க வைக்கிறது என்பதற்காகச் சளி சிரப் கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து ராத்திரி முழுக்க ஓட வைக்கும். எடை போர்வைகளை (உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான போர்வைகள்) நிறையப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். பிரிட்டனில் 2014இல் வெளிவந்த ஆய்வில், அந்தப் போர்வை குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது, தூக்கம் மட்டும் கூடவில்லை. நம் புழுக்கத்துக்கு அது ஒத்தும் வராது.

மெலடோனின் மிட்டாய் வடிவில்கூடக் கடைகளில் கிடைக்கிறது. அதை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். லேபிளில் போட்டிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பழக்க வழிகளை ஒழுங்காகச் செய்தும் பலன் இல்லாதபோது டாக்டர்கள் பொதுவாக 1 முதல் 3 மில்லிகிராமில், படுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்று ஆரம்பிப்பார்கள். அது தூக்கம் பிடிக்கும் நேரத்தைக் குறைப்பதற்கு உதவும். நடுராத்திரி விழிப்புக்கு அவ்வளவாக உதவாது. ஆகவே அதைக் கொடுத்தாலும் படி 7 தொடர வேண்டும்.

குறட்டையோடு மூச்சு நின்று வருவது, உடம்பு வெட்டி இழுப்பது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, நன்றாகத் தூங்கிய பிள்ளைக்குத் திடீரென்று தூக்கம் போய்விடுவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை ஆரம்பித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் முதலில் டாக்டரிடம் போங்கள். சயான், கே.இ.எம்., நாயர் மாநகராட்சி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. காலண்டர் தாளையும் வீடியோவையும் கையோடு எடுத்துக்கொண்டு, ஓ.பி.டி. பதிவு ஆரம்பிப்பதற்கு முன்பே போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.